பெரியம்மா வயிற்றில் பதினேழு கற்கள்

பெரியம்மாவுக்கு விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பது காரைக்குடியில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். யார் வீட்டு விசேஷமானாலும் கடைசிப் பந்தியில் உட்காருவாள். நெய்யும் பருப்புமாகப் பிசைந்து நிறைவாகச் சாப்பிடுவாள். அண்டாக்களைக் கழுவும் நேரம் வந்தால் ஆளைக் காணாது. தேடிப் போனால் ஏதாவது ஒரு உள்ளறையில் சுவரோடு சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பாள்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே பட்டறையில் நகை வேலை பார்த்தார்கள். வீடும் ஒன்று, அடுப்பும் ஒன்று. பெரியம்மா ஆறு பிள்ளை பெற்றவள், நாற்பதைத் தாண்டியவள், நல்ல கனத்த உடம்பு. அவள் படுத்துவிட்டால் அவள் பங்கு வேலையெல்லாம் ஓரகத்தியான என் அம்மா தலையில் விழும்.

சின்ன அத்தைக்கு வளைகாப்பு நடந்த அன்றும் அப்படித்தான் ஆயிற்று. சாம்பலும் தேங்காய் நாருமாக அம்மா ஒற்றையாளாக அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி பெரியம்மாவை விசாரித்தாள்.

"அக்காவுக்கு அண்டாவப் பாத்தாத்தான் வலி வரும்" என்றாள் அம்மா.

நான் அதைக் கேட்டுவிட்டேன். அந்த வயதில் எனக்கு ஒரு திறமை இருந்தது. யாரைப் போலவும் நடந்து காட்டுவேன், பேசிக் காட்டுவேன். மறுவாரம் கிணற்றடியில் நாலைந்து பெண்கள் கூடியிருந்தபோது, பெரியம்மாவைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சொருகி, "முருகா முருகா" என்று முனகிக் காட்டினேன். குடங்களைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுருண்டேன்.

சிரிப்பு சட்டென்று நின்றது. இடுப்பில் குடத்தோடு பெரியம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து என் கையை எடுத்து, தொப்புளுக்குப் பக்கத்திலிருந்து வலதுபுறம் விலாவுக்குக் கீழே நகர்த்தி வைத்தாள்.

"இங்குட்டுத்தான். இங்கன பிடிச்சு, முதுகுவழியாத் தோளுக்கு ஏறும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் இறைக்கப் போனாள். அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்தக் கிணற்றடிதான் காரணமோ என்னவோ, அதற்குப் பிறகு பெரியம்மா விரதத்தில் இறங்கினாள். சாப்பாட்டாசையால்தான் வலி என்று எல்லோரும் சொல்ல, அவளும் நம்பியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை, கிருத்திகை என்று தொடங்கி, வாரத்தில் பாதிநாள் பச்சைத் தண்ணீரோடு கிடந்தாள். இரண்டு மாதத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளத்தது. சாமி கண் திறந்துவிட்டது என்று தெருவில் பாராட்டினார்கள். வலியோ மாதத்துக்கு ஒன்றாக இருந்தது வாரத்துக்கு ஒன்றாயிற்று. விருந்தே வேண்டியிருக்கவில்லை, விரதம் முடித்து ஒரு வாய் சாப்பிட்டாலே போதும்.

ஒரு நாள் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டவள், முடிச்சுப் போடப் போட அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தேன். வெள்ளை விழி இரண்டும் மஞ்சளாக இருந்தன. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பெரியப்பா வாடகைக் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார்.

வயிற்றைக் கிழித்துச் செய்கிற ஆபரேஷன் என்றால் அப்போது திரும்பி வருவது நிச்சயமில்லை என்றுதான் பேசிக்கொள்வார்கள். அம்மா ஆறு பிள்ளைகளுக்கும் எனக்கும் சோறு போட்டாள், ஆனால் எங்களோடு உட்கார்ந்து அவள் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமைதோறும் என்னையும் கூட்டிக்கொண்டு கோவிலூர்க் கோயிலுக்கு நடந்தே போனாள்.

ஒரு மாதம் கழித்துப் பெரியம்மா வந்தாள், பாதி உடம்பாக. கையில் ஒரு மருந்துச் சீசா. அதற்குள் பதினேழு கற்கள், பழுப்பும் பச்சையுமாக, கடலைப்பருப்பு அளவில். பெரியப்பா பட்டறையில் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒண்ணோடொண்ணு ஒரசியே பட்டை தீட்டிருக்கு. எத்தன வருசம் உள்ள கெடந்துச்சோ" என்றார்.

டாக்டர் சொன்னதையும் அவர்தான் சொன்னார். பித்தப்பையில் கல் இருப்பது ஒன்றும் அதிசயமில்லையாம். ஊரில் எத்தனையோ பேர் வயிற்றில் கல்லோடு தெரியாமலே நடமாடுகிறார்களாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், அதிலும் பல பிள்ளை பெற்றவர்களுக்கு, நாற்பது தாண்டியவர்களுக்கு, உடம்பு கனத்தவர்களுக்கு. தாய்க்கோ கூடப்பிறந்தவளுக்கோ இருந்தாலும் வரலாம். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் கல் இன்னும் சேருமாம்.

"அப்ப நான் சாமிக்கு விரதம் இருந்ததுமா கல்லாப் போச்சு?" என்று சிரிக்கப் போன பெரியம்மா, தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அம்மா அவள் காலடியில் உட்கார்ந்தாள். "நான் ஒங்களத் தப்பா நெனச்சிட்டேங்க்கா."

"எனக்கே அப்படித்தான இருந்துச்சு. வேல செய்ய வணங்காமத்தான் உடம்பு நோகுதோன்னு."

பிறகு பெண்கள் பார்க்க வந்தார்கள். சீசாவை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டுவது என் வேலை. முதல் தடவை கூட்டமாக வந்து, கன்னத்தில் கைவைத்து வியந்துவிட்டுப் போனார்கள். மறுபடி ஆண்கள் பட்டறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஒவ்வொருத்தியாக வரத் தொடங்கினார்கள். கிணற்றடியில் பலமாகச் சிரித்தவர்களும் அதில் உண்டு. நான் சீசாவை நீட்டினால், வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வேறு ஏதோ பேசுவார்கள். எனக்கு ஏமாற்றமாக இருக்கும். கல் சலசலக்கும்படி குலுக்கிக்கூடக் காட்டுவேன்.

மளிகைக் கடைக்காரர் மனைவி மூன்றாவது முறையாக வந்தாள். ஐந்து பிள்ளைகளின் தாய். அன்றும் கல்லைப் பார்க்கவில்லை. புடவை நுனியைத் திருகியபடி, வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு மெல்லக் கேட்டாள்:

"ஆசுபத்திரிக்குப் போகணும்னு வீட்டுல எப்படிக்கா சொன்னீக?"

பெரியம்மா அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வாயால்தான் சொல்லியிருப்பாள், இதைப் போய்க் கேட்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சீசாவை வாங்கிக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.