நாலாவது குழாய் எங்கே போகிறது?

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், பால் பாக்கெட் வரவில்லை என்ற புகாருக்குக் கீழே அந்தச் செய்தி வந்தது. இரண்டாம் மாடி தணிகாசலம் மாரடைப்பால் காலமானார். முந்தைய மாலைதான் லிஃப்ட் ஏன் குலுங்குகிறது என்று என்னை நிறுத்திவைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முகப்பேரில் எங்களோடு இருப்பவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டாம். சென்னையின் பாடிப் பகுதியில் பிறந்தவர், அம்பத்தூரில் வங்கி வேலை. ஸ்கூட்டர் மட்டுமே வைத்திருந்தார், காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாத விஷயம் என்றால் அவருக்கு ஒரே குஷி.

எங்கள் காரின் சன்ரூஃப், அதாவது திறந்து மூடும் கூரைக் கண்ணாடி, ஒழுகி, தரைவிரிப்பில் பூஞ்சை பிடித்தது. மகள் யாழினி ஏறினாலே மூச்சிழுப்பு வந்தது. கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பூசினேன், அப்போதும் ஒழுகியது. விற்றுவிடத் தீர்மானித்தோம்.

"அடைக்காத மாமே. தண்ணி எங்க போவுதுன்னு பாத்தியா மொதல்ல?" என்றார் தணிகாசலம். கூரையைத் திறந்து விளிம்புப் பள்ளத்தில் என்னைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, உள்ளே குடை பிடித்து உட்கார்ந்துகொண்டார். பள்ளம் நிரம்பிக் குடைமேல் கொட்டியது. பிறகு வண்டியின் கையேட்டைப் புரட்டிச் சொன்னார்: கண்ணாடியைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யுமாம். அதை வெளியேற்ற நான்கு மூலையிலும் துளையும் குழாயும் உண்டு. அவற்றை நோண்டினால் மக்கிய சாமந்தியும் அட்சதையும்! மாங்காடு அம்மன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டபோது, பெருமைக்குக் கூரையைத் திறந்து மகளை நிற்கவைத்துப் படம் எடுத்திருந்தோம்.

"பூஜ வண்டிக்கா, குழாய்க்கா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

வேகமாகக் காற்றடித்தால் குழாய் உள்ளே கழன்றுவிடும் என்பதால், தூண்டில் நரம்பை விட்டு மெதுவாகக் குடைந்தோம். முன்குழாய்கள் இரண்டும் கதவிடுக்கில் சொட்டின. பின்குழாய் ஒன்று சக்கரத்தருகே. நாலாவதில் ஊற்றிய தண்ணீர் போனது, எங்கே வந்தது என்று மட்டும் தெரியவில்லை.

"அது தெரியற வரைக்கும் சரியாப்போச்சுன்னு நம்பாத. பாப்பா உக்கார்ற பக்கம் அது."

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வந்து விரிப்பைத் தடவிப் பார்ப்பார். ஈரமில்லை, யாழினிக்கு இழுப்பு நின்றது, காரை விற்கவில்லை. எனக்கு அது போதும், அவருக்குப் போதவில்லை. எதிர்ப்பட்டபோதெல்லாம், "நாலாவது இன்னா ஆச்சு?" சில நாள் எரிச்சலாகக்கூட இருந்தது.

அவர் காரியம் முடிந்த வாரம், மழைக்காலத்துக்கு முன் துளைகளைச் சுத்தம் செய்தேன். நாலாவதில் மஞ்சள் கரைத்த தண்ணீரை விட்டு, வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். பின் பம்பருக்குள் ஒரு தகட்டு மடிப்பில் ஓடி, சைலன்சர் பக்கம் மஞ்சளாகச் சொட்டியது. இரண்டாம் மாடிவரை ஓடிய பிறகுதான் அவர் இல்லை என்பது உறைத்தது.

அவர் மனைவி மல்லிகா கதவைத் திறந்தார். "இன்னாண்ணே?"

"நாலாவது தெரிஞ்சிடுச்சும்மா."

"எங்க வருது?" செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்து குனிந்தார். "ஊத்துங்க, பாக்கறேன்."

ஊற்றினேன். சொட்டியதும், "இத்தப் பாக்காம பூட்டியே" என்று அழுதார். நானும் அழுதேன்.

தணிகாசலத்தின் "எங்க போவுது?" என்ற கேள்வி இனி என்னிடமே இருக்கட்டும். மழை நாளில் யாழினி அந்தப் பக்கம் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். அவள் மூச்சு இழுக்காமல் வந்து போவதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறேன்.