பலகையின் முதல் வரி

புதுக்கோட்டையில் ராஜா ஆட்சி முடிந்து, ஊர் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் ரெஃபரன்ஸ் மேஜையில் எனக்கு வேலை. யார் வந்து எதைக் கேட்டாலும் தேடிச் சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்கு நன்றாக வந்தது. அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்தில் என்னைவிட வேகமாக ஒரு விஷயத்தைத் தேடி எடுக்க ஆள் கிடையாது.

மேஜைக்கு இரண்டே பேர். காலையில் என்னைவிட மூத்தவர் ஒருவர், மதியத்துக்கு மேல் நான். அவரிடமிருந்து எனக்கும் என்னிடமிருந்து அவருக்கும் சேதி போக, மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. 'மதராஸ் பேப்பர் இன்று தாமதம்.' 'அகராதி இரண்டாம் பாகம் பைண்டிங்கில்.' 'கிழக்கு ஜன்னல் ஒழுகுகிறது, அட்லஸை நகர்த்தவும்.' இப்படி அன்றாடச் சமாச்சாரங்கள் கீழ்ப்பாதியில். விடை கிடைக்காத கேள்விகள் மேல்பாதியில். விடை கிடைத்ததும் அந்த வரியை அழித்துவிடுவது எனக்கு முன்னாலிருந்தே இருந்த வழக்கம். மூத்தவர் அதில் மகா சுத்தம். சாக்பீஸ் தூசி கையில் ஒட்டாமல் எழுதக்கூடிய ஒரே மனிதரை அவர் வடிவில்தான் பார்த்தேன்.

அந்த ஐப்பசியில் மேல்பாதியின் முதல் வரி ஒரு கருவாட்டுக்கார அம்மாவுடையது. கடற்கரைப் பக்கத்து முஸ்லிம். சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்து, தெருத் தெருவாகக் கருவாடு விற்றுக்கொண்டிருந்தார். ஒரே மகன் பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டு, நாகப்பட்டினத்துக்கு வரும் கப்பலில் ஏறியிருந்தான். கப்பல் வர வேண்டிய நாள் போய்விட்டது. வழியில் புயல் என்று ஊரெல்லாம் பேச்சு. பேப்பரில் கப்பல் செய்தி போடுவார்கள், அதை லைப்ரரியில் படித்துச் சொல்வார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதல் நாளே கூடையை வாசல் வேப்பமரத்தடியில் வைக்கச் சொல்லிவிட்டோம். அப்படியும் வாடை உள்ளே வந்தது. நூலகர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பதிலுக்குப் பார்த்தேன். அவர் போய்விட்டார்.

கேள்வியைப் பலகையில் எழுதியதும் அந்த அம்மா கேட்டார். "இதுல ஏ வரி எதும்மா? எனக்குப் படிக்கத் தெரியாது."

"ஆக மேல இருக்குல்ல, அதுதாம்மா. அது இருக்குற வரைக்கும் நாங்க தேடிக்கிட்டே இருப்போம்."

அன்று முதல் தினமும் வருவார். வாசலிலேயே நின்று முதலில் பலகையைப் பார்ப்பார். "இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அப்புறம்தான் மேஜைக்கு வருவார். கப்பல் பற்றிச் செய்தி இல்லை என்று நாங்கள் சொன்னால், "சரி, தேடுங்க" என்று சொல்லிவிட்டு வியாபாரத்துக்குப் போவார். அவர் திடத்தைப் பார்த்து எனக்கே தெம்பு வந்தது.

ஒரு நாள் மதியம் நான் உள்ளே நுழைந்தபோது பலகையில் முதல் வரி இல்லை. இருந்த இடம் ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"கப்பல் வந்துருச்சு!" என்றார் மூத்தவர், பேப்பரை என் பக்கம் நகர்த்தி. புயலுக்கு ஒதுங்கி நின்றிருந்த கப்பல் நாகப்பட்டினம் சேர்ந்துவிட்டது, பயணிகள் அனைவரும் நலம் என்று நாலு வரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தம்மாட்ட சொன்னீங்களா?"

"இன்னும் வரலியே. வந்தா சொல்லிக்கிட்டாப் போச்சு. வெடை கெடைச்சா அழிக்கணும், அழிச்சிட்டேன்."

வாசலில் இருந்த அட்டெண்டர் எழுந்து வந்தார். "நீங்க உள்ள அலமாரிப் பக்கம் போயிருந்தப்ப வந்தாங்களே சார். வாசல்ல நின்னு பாத்தாங்க. பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. அப்பறம் அறந்தாங்கி பஸ்ஸு எப்பன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. கூடை அங்கிட்டு மரத்தடியிலயே கெடக்கு."

அந்த அம்மாவின் மருமகள் இருப்பது அறந்தாங்கியில்தான், முன்பே எங்களிடம் சொல்லியிருக்கிறார். வரி அழிந்ததைப் பார்த்து, மகன் மௌத்தாகிவிட்டான் என்று இந்த அம்மா போய்ச் சொன்னால் அந்தப் பெண்ணின் கழுத்தில் தாலியாகக் கிடக்கும் கருகமணியை இன்றைக்கே கழற்றிவிடுவார்கள். மூத்தவரிடம் ஏதோ கடுமையாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

கீழராஜ வீதியில் ஒரு கல்லூரி உத்தியோகஸ்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவதை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்தால் பார்க்கட்டும் என்று ஓடினேன். செருப்பு வார் அறுந்தது. விட்டுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் அறந்தாங்கி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்திருந்தார். நான் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். டிரைவர் திட்டினார். நானும் திட்டினேன். பிறகு உள்ளே ஏறினேன். முன் சீட்டில், முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, கப்பல் வந்துருச்சு! எல்லாரும் நல்லா இருக்காங்களாம்!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். சந்தோஷம் இல்லை. கோபம்தான் இருந்தது.

"அப்ப ஏம்மா அழிச்சீங்க?"

சுருட்டிய பேப்பரை நீட்டினேன். அவர் அதைத் தள்ளிவிட்டார்.

"எங்க பக்கம் கடலுக்குப் போன வள்ளம் வரலைன்னா ஊரே தேடும்மா. ஆளு இல்லைன்னு ஆனாத்தான் தேடுறத நிறுத்துவாக. நீ என்ன சொன்ன? வரி இருக்குற வரைக்கும் தேடுவோம்னியே."

பேப்பரை விரித்து அந்த நாலு வரியை உரக்கப் படித்தேன். அவர் நம்பவில்லை. கண்டக்டரை வாங்கிப் படிக்கச் சொன்னார். கண்டக்டர் படித்தார். பின் சீட்டுக்காரர் ஒருவரும் எட்டிப் பார்த்துப் படித்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். அதே பஸ்ஸில் அவர் அறந்தாங்கிக்கே போனார், இப்போது வேறு சேதியோடு.

சில நாள் கழித்துக் காலை வேளையில் மகனோடும் மருமகளோடும் வந்தார். அன்று நானும் முன்னதாகவே வந்திருந்தேன். கூடை இல்லை, வாடையும் இல்லை. மூத்தவர் எழுந்து நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மா அவரைக் கையமர்த்திவிட்டுப் பலகையைக் காட்டினார்.

"ஏ வரிய திரும்ப எழுதுங்க."

மூத்தவர் சாக்பீஸை எடுத்து எழுதினார், முன்பு இருந்த அதே இடத்தில், அதே எழுத்தில். அந்த அம்மா மேஜையைச் சுற்றிப் பின்னால் வந்தார். மகனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். எட்டி, முந்தானையால் அந்த வரியைத் தானே துடைத்தார்.

அதற்குப் பிறகு மேல்பாதியை நாங்கள் அழித்ததே இல்லை. கேட்டவர் வந்து விடையைக் காதில் வாங்கிக்கொண்டு, அவர் கையாலேயே அழித்தால்தான் உண்டு.