இஸ்மாயில் பாய் போட்ட ஓட்டை

மதுரையில் நாலு பேரிடம் சேக் இஸ்மாயில் பாயைப் பற்றி விசாரித்தால் மூன்று பேர், “யாரு, தண்ணி ஊத்தி வச்சுப் பாப்பாரே, அவரா?” என்பார்கள். நாலாமவன் அவரிடம் வாளி வாங்கி, அது கைக்கு வர இரண்டு நாள் காத்துக் கிடந்தவனாக இருப்பான். அவன் சொல்லும் வார்த்தையை இங்கே எழுத முடியாது.

பாய் தகர வேலைக்காரர். காஜிமார் தெருவை ஒட்டிய சந்தில், இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நின்றுகொண்டே பேச வேண்டிய அளவுக்கு ஒரு கடை. சீமெண்ணெய் டின்னை வெட்டி வாளி, புனல், சிம்னி விளக்கு, தூக்குச்சட்டி எல்லாம் செய்வார். செய்து முடித்ததும் கொடுத்துவிட்டால் அவர் இஸ்மாயில் பாய் இல்லை. சாமானில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, பழைய செய்தித்தாளின் மேல் வைத்து, மறுநாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து தூக்கிப் பார்ப்பார். தாள் காய்ந்திருந்தால் அடியில் சின்னதாக ஒரு பிறை முத்திரை அடிப்பார். ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் சம்மட்டியை எடுத்து அந்தச் சாமானைத் தட்டையாக்கிவிடுவார். வாங்க வந்தவன் தலையில் அடித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மழை பெய்தால் அவர் வீட்டுக் கூரை நாலு இடத்தில் ஒழுகும். ஒவ்வொரு ஒழுக்குக்கும் கீழே அவர் செய்த வாளி ஒன்று உட்கார்ந்திருக்கும். அவர் மனைவி மைதீன் பீவி சலித்துக்கொண்டால், “வாளி ஒழுகுதா? ஒழுகலைல? அப்புறம் என்ன?” என்பார்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் இன்னாசிமுத்து, பஸ் டிரைவர். இந்த நாற்பத்துமூன்றில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸைக் கரியில் ஓட்டிக்கொண்டு முகமெல்லாம் கரியாகத் திரிகிறேன். நான் சொல்லப் போவது ஐந்து வருஷத்துக்கு முந்தைய கதை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். நியாயமான கோபம் என்று நான் சொல்வேன். என் மனைவி சகாயமேரி ஒப்புக்கொள்ள மாட்டாள். ஏழு வருஷம் வண்டி கழுவி, டயர் உருட்டி, அதற்கப்புறம் வாங்கிய லைசன்ஸ் புத்தகம் என்னுடையது. வீட்டில் மாதா படத்துக்குக் கீழேதான் அதை வைத்திருப்பேன். நான் வேலைக்குக் கிளம்பும்போது சகாயமேரி அதைக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் என் கையில் கொடுப்பாள். அது இல்லாவிட்டால் மறுபடியும் டயர் உருட்ட வேண்டும். நாற்பது வயதில் அது முடியுமா?

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசி அடைமழை. மதுரையிலிருந்து வைகைப் பாலம் தாண்டி, சமயநல்லூர் வழியாக வாடிப்பட்டி வரை என் வண்டி ஓடியது. வண்டிக்குப் பின்னால், நம்பர் பலகைக்கு மேலே, தேங்காய்ச் சிரட்டை அளவில் ஒரு தகர விளக்கு. அதற்குள் ஒரு பல்பு. பின்பக்கம் சிவப்புக் கண்ணாடி. கீழே நம்பர் தெரிவதற்காக ஒரு வெள்ளைக் கண்ணாடித் துண்டு. மழை பிடித்ததிலிருந்து அந்த விளக்குக்குள் நீர் கோத்துக்கொண்டது. கண்ணாடிக்கு உள்ளே முத்து முத்தாக வியர்க்கும். பல்பு எரியும், ஆனால் பத்தடி தள்ளி நின்றால் வெளிச்சமும் தெரியாது, நம்பரும் தெரியாது.

அந்த மாதம்தான் ஒரு புது சப்-இன்ஸ்பெக்டர் வந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் பாலத்து முனையில் நிற்க ஆரம்பித்தார். குறையைச் சொல்லிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. பென்சிலை எடுப்பார், எழுதுவார், அவ்வளவுதான். என் புத்தகத்தில் இரண்டு தடவை எழுதிவிட்டார்.

“மூணாவது தடவை எழுதினா புஸ்தகம் உன் கையில இருக்காது. ஸ்டேஷன்ல இருக்கும்” என்றார்.

 மறுநாள் காலையில் விளக்கைக் கழற்றிக்கொண்டு பாயிடம் ஓடினேன். ஊரில் தண்ணீரை அடக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பது என் எண்ணம்.

பாய் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்கா இம்புட்டுக் கவலை? விட்டுட்டுப் போங்க டிரைவரே” என்றார். ரம்ஜான் மாதம், நோன்பு வைத்திருந்தார். எச்சில்கூட விழுங்காமல் நாள் முழுக்க அதோடு உட்கார்ந்தார். மூட்டுகளையெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். கண்ணாடி விளிம்பில் மெழுகும் குங்கிலியமும் காய்ச்சி ஊற்றினார். பின்மூடிக்குச் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போட்டார். பிறகு விளக்கைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, மேலே கல்லை வைத்து, ராத்திரி முழுக்க விட்டுவிட்டார். காலையில் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. மூடிவிட்டு, அடியில் பிறை அடித்துக் கொடுத்தார்.

“தெப்பக்குளத்துல போட்டாலும் தண்ணி ஏறாது, போங்க.”

அன்று சாயங்காலமே ஏறியது. முன்பாவது முத்து முத்தாக வியர்த்தது; இப்போது கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் படர்ந்து, உள்ளே அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் அந்த நேரம் ஒரு மாட்டுவண்டிக்காரனைப் பிடித்து வைத்திருந்ததால் நான் தப்பினேன்.

மறுநாள் காலை பாய் கடை வாசலில் நின்று கத்தினேன். வாளி வாங்க வந்த ஒச்சம்மாளும் இன்னும் நாலைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னென்னவோ பேசினேன். கடைசியாக ஒன்று சொன்னேன்.

“நோன்பு வச்ச வாயால பொய் சொல்றீரே பாய், நல்லா இருப்பீரா?”

 பாய் கையிலிருந்த தகரத்தைக் கீழே வைத்தார். ஒச்சம்மாள்தான், “அட, வாயக் கழுவுய்யா டிரைவரே” என்றாள். அந்த வார்த்தை வாயை விட்டுப் போன மறுநிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது சொல்லக்கூடாத வார்த்தை என்று. ஆனால் கோபக்காரனுக்குத் திரும்பிப் போகிற வழி தெரியாது. விறுவிறுவென்று வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வண்டி கிளம்பும் நேரம். பார்த்தால் பாய், கையில் ஒரு தூக்குச்சட்டியோடு மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார்.

“நானும் வாரேன்” என்றார்.

“எங்க?”

“இந்த வெளக்கு எங்க போகுதோ அங்க.”

பின்வாசல் படியை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்து, வெளியே தலையை நீட்டி, விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். மழை அவர் தொப்பியை நனைத்தது, தாடியை நனைத்தது, மனிதர் அசையவில்லை. பாலத்தில் அன்று சப்-இன்ஸ்பெக்டர் இல்லை, மாதா புண்ணியம். சமயநல்லூரில் வண்டி நின்றபோது நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது. பாய் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, மைதீன் பீவி கொடுத்துவிட்ட கஞ்சித் தூக்கைத் திறந்தார். மூடியின் உட்பக்கத்தில் திரண்டு நின்ற தண்ணீர் அவர் மணிக்கட்டில் வழிந்து முழங்கை வரைக்கும் ஓடியது.

கஞ்சியைக் குடிக்காமல் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பசியோடு இருக்கிற மனிதர் கஞ்சியை விட்டுவிட்டு மூடியைப் பார்க்கிறாரே என்று எனக்கே பயமாகிவிட்டது.

“இன்னாசி, இங்க வாங்க” என்றார். “இந்த மூடி மேல மழையா பெஞ்சுச்சு?”

“இல்லையே.”

“பெறகு தண்ணி எங்கிட்டிருந்து வந்துச்சு? உள்ள இருந்த ஆவிதான். சில்லுனு மூடியில பட்டதும் தண்ணியாயிருச்சு. உங்க வெளக்கும் அப்படித்தான். மழை நாள்ல காத்தே ஈரம். அந்தக் காத்தை நான் உள்ள வச்சு அடைச்சிட்டேன். முன்னாடி ஊறின தண்ணி தகர மடிப்புல கிடந்திருக்கு, அதையும் சேத்து அடைச்சிட்டேன். பல்பு உள்ள சூடு பண்ணுது, மழை வெளிய குளிர வைக்குது. தண்ணி வெளியிலேருந்து வரல, இன்னாசி. வெளிய போக வழியில்லாமக் கிடக்கு.”

“அதுக்கு என்ன பண்றது?”

பாய் மூடியைத் தூக்கின் மேல் வைத்தார். பிறகு, யாரோ இறந்துபோன செய்தியைச் சொல்கிற குரலில், “அடியில ஓட்டை போடணும்” என்றார்.

மறுநாள் காலை அவர் கடையில் உட்கார்ந்தோம். விளக்கைப் பிரித்து, கரி அடுப்புக்கு எட்டிய சூட்டில் வைத்து, மடிப்பு மடிப்பாக ஈரம் போகும்வரை காயவைத்தார். பிறகு அரத்தை எடுத்து, அடியிலிருந்த பிறையை ராவி எடுத்தார். “ஓட்டைச் சாமான்ல இது இருக்கக் கூடாது” என்றார். ஆணியையும் சுத்தியலையும் கையில் எடுத்தார், கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். ஆணி முனை தகரத்தில் உட்கார்ந்தது, ஆனால் சுத்தியல் இறங்கவில்லை. நாற்பது வருஷமாக ஓட்டையை அடைத்த கை அது.

“நீங்க அடிங்க இன்னாசி. எனக்குக் கை வரல.”

நான்தான் அடித்தேன். ஓட்டை கொஞ்சம் கோணலாக விழுந்தது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் சக்கரச் சேறு அடித்து ஓட்டை அடைபடாமல் இருக்க, அதன் முன்னால் நகத்தளவு தகரத்தை மறைப்பாக வைத்துப் பற்றவைத்தார். அப்போதே அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. “எம்புட்டு நேரமாகும் பாய்?” என்று கேட்டு வைத்தேன்.

அன்று சாயங்காலமும் அவர் வந்தார், கஞ்சித் தூக்கோடு. நல்ல மழை. பாலத்து முனையில் சப்-இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். வண்டியை நிறுத்தி இறங்கினேன். சட்டைப் பையிலிருந்த புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

விளக்கு சிவப்பாக, சுத்தமாக எரிந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். சரியாக அந்த நேரம் பார்த்து, அடியிலிருந்து ஒரு சொட்டு அவர் பூட்ஸ் மேல் விழுந்தது.

“என்னய்யா இது? வெளக்குல ஓட்டை! ரெண்டு தடவை எழுதியும் ஓட்டை வெளக்கோட வர்றியா?” பென்சில் வெளியே வந்துவிட்டது. “இதை எவன் போட்டது?”

ஊருக்கெல்லாம் கத்துகிற என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. நான் போட்டது என்று சொன்னால் புத்தகம் போச்சு. சொல்லாமல் இருந்தாலும் போச்சு.

“நான் போட்டது, ஐயா.”

பாய் மழையில் இறங்கி வந்து நின்றார். “சேக் இஸ்மாயில், காஜிமார் தெரு, தகரக் கடை. எம்பேரை எழுதிக்கங்க. இந்த நாப்பது வருஷத்துல நான் போட்ட ஒரே ஓட்டை அதுதான். வேணும்னேதான் போட்டேன்.” தூக்குச்சட்டியைத் திறந்து, மூடியைக் கவிழ்த்து சப்-இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே காட்டினார். “இங்க பாருங்க, இதுல வியர்க்குதுல்ல? அது அங்க வியர்க்காம இருக்கத்தான் அந்த ஓட்டை. அந்தச் சொட்டு உள்ள இருந்திருந்தா உங்களுக்கு வெளிச்சம் தெரிஞ்சிருக்காது. நம்பிக்கை இல்லைன்னா தள்ளி நின்னு நம்பரைப் படிச்சுப் பாருங்க.”

ஒரு தகரக்காரர் தன்னைப் படிக்கச் சொன்னது சப்-இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தார். இன்னும் இருபது அடி நடந்தார். பாலத்தில் பாதி தூரம் போய் நின்று, மழைச் சத்தத்துக்கு மேலே உரக்க என் வண்டி நம்பரைப் படித்தார். ஒரு எழுத்துத் தப்பவில்லை. திரும்பி வந்து பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

“போ” என்றார்.

சமயநல்லூர் போய்ச் சேர்ந்தோம். பாய் கஞ்சியில் பாதியை மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார். குடித்தேன். அம்புட்டு ருசியான கஞ்சியை அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

“நாளைக்கு வெளக்கைக் கழட்டிக்கிட்டு வா, மாப்ள” என்றார். அதுவரை டிரைவரே, இன்னாசி, வாங்க போங்க என்றுதான் அழைத்திருக்கிறார்.

“எதுக்கு பாய்? நல்லாத்தானே எரியுது?”

“கொண்டா, சொல்றேன்.”

மறுநாள் கொண்டுபோனேன். கடையில் உட்கார்ந்து விளக்கைக் கவிழ்த்தார். ஆணியை எடுத்து, நான் போட்ட கோணல் ஓட்டைக்கு விரல் அகலம் தள்ளி வைத்தார். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். சுத்தியலை இறக்கினார். ஒரே அடி. வட்டமாக, சுத்தமாக இன்னொரு ஓட்டை விழுந்தது. அதற்குப் பக்கத்தில் பிறை முத்திரையை வைத்து அடித்தார்.

“ஒரு ஓட்டையே போதுமே பாய்?” என்றேன்.

“வெளக்குக்குப் போதும் மாப்ள” என்றார், என்னைப் பார்க்காமல் தகரத் தூளை ஊதிக்கொண்டே. “நான் போட்டேன்னு நேத்து அந்த ஐயாகிட்டச் சொல்லிட்டேன்ல. நோன்பு வச்ச வாய், பொய்யாப் போயிரக் கூடாது.”

அவர் என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. குத்திக்காட்டத் தெரிந்த மனிதரே இல்லை அவர். அதனால்தான் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள் என்றும் பாராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.