தராசில் ஏறிய பனங்கட்டை

பனை மரத்தை எரித்தால் வரும் புகை விஷமா? எங்கள் தெருப் பேக்கரிக்காரர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கட்டையை அடுப்பில் வைத்துப் பற்றவைத்த பிறகுதான் கேட்டார் என்பது வேறு விஷயம்.

தெருவில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். மாவு பொங்குவதற்குள் நான்கு முறை துணியைத் தூக்கிப் பார்ப்பார். மாடியில் இருக்கும் தையல்காரி புகையைப் பற்றி ஏற்கனவே புகார் கொடுத்திருந்தார். சுகாதார அதிகாரி அந்த வாரம் வருவதாக இருந்தது. மறுபடி புகை கண்டால் அடுப்புக்குப் பூட்டுதான்.

அந்த நேரம் பார்த்து, பின்சுவரோரம் நின்ற பனை காற்றில் சாய்ந்தது. துண்டு போட்ட கட்டையை அவசரம் தட்டிப் பார்த்தார். 'டங்' என்றது. காய்ந்துவிட்டது என்று அவரே தீர்ப்பு சொல்லி, விறகு வண்டிக்காரரை இனி வர வேண்டாமென்று அனுப்பிவிட்டு, அன்று மதியமே அடுப்பில் அடுக்கினார். வெளிப்பக்கம்தான் இரும்பு. உள்ளே தண்ணீர் குடித்த பஞ்சு.

கட்டை சீறியது, அழுதது, பிறகு புகைந்தது. புகைக்குள் ரொட்டியைத் தேடிக் கை நீட்டிய அவசரம் மனைவியின் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணே! பன்னெண்டு வெள்ளைச் சட்டை காயப் போட்டிருந்தேன். இப்ப பன்னெண்டும் சாம்பல் கலரு!" என்று படியிறங்கி வந்தார் தையல்காரி.

அவருக்குப் பின்னால் ஓர் இருமல். "இங்க பேக்கரி எங்கங்க இருக்கு?"

"நீங்க பேக்கரிக்குள்ளதாங்க நிக்கிறீங்க," என்றார் மனைவி.

வந்தவர் அதிகாரி. அவசரம் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

"எந்த மரத்துப் புகையும் நெஞ்சுக்கு ஆகாதுங்க. ஈர விறகுன்னா புகை ரெண்டு பங்கு. கரி புகைபோக்கியில ஒட்டி, ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும். விறகு காய்ஞ்சிருக்கணும். இந்த ஒரு தடவை விட்டுடறேன். ஆறு மாசத்துல வருவேன். அன்னைக்கும் இப்படி இருந்தா பூட்டிடுவேன்."

மனைவி வண்டிக்காரரைக் கெஞ்சித் திரும்ப வரவழைத்தார். புகைபோக்கியைச் சுரண்டச் சொன்னார். பனையைச் சிறு சிறு துண்டாகப் பிளந்து, மழை படாமல், காற்று படும்படி அடுக்க வைத்தார். அப்புறம் ஒரு துண்டை எடுத்து மாவு நிறுக்கும் தராசில் வைத்தார்.

"தண்ணி போகப் போக எடை குறையும். குறையறது நிக்கிற வரைக்கும் அடுப்புப் பக்கம் கொண்டு போகக் கூடாது. புரியுதாங்க?"

வாரம் ஒருமுறை நிறுத்துச் சுவரில் எழுதினார்கள். எடை குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் மாதம் அவசரத்துக்குப் பொறுக்கவில்லை. எடை நின்றுவிட்டதாகக் காட்டத் தட்டின் ஓரத்தில் சுண்டுவிரலை வைத்தார். கொஞ்சம் அழுத்தம் கூடிவிட்டது.

மனைவி சுவரைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். "என்னங்க, போன வாரத்தைவிட ஏறியிருக்கு! கட்டை ராத்திரி எந்திரிச்சு ரொட்டி தின்னுச்சா?"

"மழைக்காத்து..." என்றார் அவசரம்.

"மழைக்காத்துக்கு நகம் இருக்கு போல. விரலை எடுங்க."

ஐந்தாம் மாதத்தில் எடை அசையாமல் நின்றது. அதற்குப் பிறகும் மனைவி மூன்று வாரம் விடவில்லை. அந்த மூன்று வாரமும் அவசரம் துண்டுக்குத் துண்டு தட்டிக்கொண்டே திரிந்தார்.

கடைசியில் பற்றவைத்தார்கள். பொறி தெறித்ததால் அடுப்புக் கதவைச் சாத்தி வைத்தார்கள். தையல்காரி சவாலுக்கென்றே ஒரு வெள்ளைச் சட்டையைக் கொடியில் போட்டிருந்தார். அதிகாரி வந்து புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னைக்கு அடுப்பு பத்தவைக்கலையா?"

"ரொட்டி வெந்துக்கிட்டு இருக்குங்க," என்றார் மனைவி.

அதிகாரி கையோடு கொண்டு வந்த பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இரண்டு ரொட்டி கேட்டார். தையல்காரியின் சட்டை வெள்ளையாகவே மாடியேறியது.

உங்கள் வீட்டருகே பனை விழுந்தால், கட்டையைத் தட்டிப் பார்க்கும் ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் தீக்குச்சியைத் தேடுவதற்குள் இந்தக் கதையை அவருக்குச் சொல்லிவிடுங்கள். விரல் வைத்ததை மட்டும் அவசரத்தின் எதிரில் சொல்ல வேண்டாம்.