வெளிச்சத்துக்கு முதுகு காட்டும் கொடி

செடி வளர்க்கிற வேலை என்றால் தண்ணீர் ஊற்றுவதுதானே என்பார்கள். பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வேலை பார்க்கும் உங்களுக்குத்தான் தெரியும், கண் இரண்டும் இரண்டு பக்கம் இருக்க வேண்டும்.

ஒரே கண்டிஷன்

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைப் பக்கம் நான் வேலை பார்க்கும் செடி நர்சரி. நான் எட்டாவதோடு நின்றவள், ஆள் முகம் பார்த்துப் பேச வராது. முன்பக்கக் கடையில் பில் போட ஓனரம்மா கூப்பிட்டார். பின்பக்கமே இருக்கிறேன் என்றேன். அங்கே பச்சை வலைக் கொட்டகையில் வெள்ளை ஓரம் வைத்த ஐவிக் கொடிகள். குளிர் ஊர்ச் செடி, திருச்சி வெயில் பட்டால் கருகிவிடும். கொட்டகையின் இரும்புக் குழாயில் ஒன்றரை வயது மகளுக்குத் தூளி கட்டினேன். வீட்டில் பார்க்க ஆள் இல்லை. ஓனரம்மா சொன்னார்: "பாப்பாவைக் கூட்டிட்டு வா. ஆனா அதுக்கு இங்க ஒண்ணு ஆச்சுன்னா, மறுநாள்லேருந்து ரெண்டு பேரும் வர வேணாம்."

திருப்பி வைத்த தொட்டிகள்

கொடி நுனிகள் எல்லாம் பின்சுவரைப் பார்த்து நின்றன. பாவம் என்று வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வைத்தேன். ஒரு வாரத்தில் அத்தனையும் வளைந்து, மறுபடி சுவரைப் பார்த்தன. கூட வேலை பார்க்கும் செல்வி அக்கா மண் கலந்துகொண்டே சொன்னார்: "மத்த செடி வெயிலைத் தேடும், இது இருட்டைத் தேடும். நீ திருப்பு, அதுவும் திரும்பும். யாருக்குப் பொறுமை ஜாஸ்தின்னு பாப்போம்."

பொன்மலைத் தொட்டி

பொன்மலை ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆனவர் ஒருவர் ஐவித் தொட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவர் மனைவி ஆசையாக வாங்கியது. அந்த அம்மா இறந்து இரண்டு மாதம். விற்றதைத் திரும்ப வாங்கக் கூடாது, ஆனால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கி, யாருக்கும் தெரியாமல் தூளிக்குப் பக்கத்துப் பலகையில் வைத்தேன். ஒரே ஒரு கொடி, நீளமாக, வெள்ளை ஓரமே இல்லாமல் முழுப் பச்சையாக இருந்தது. கொடுக்கும்போது அவர் சொன்னார்: "ஜன்னல்ல இருந்ததெல்லாம் காஞ்சிடுச்சும்மா. அவ கட்டிலுக்கு அடியில போனது மட்டும் சாகலை. நான் தண்ணியே ஊத்தலை."

தூளி

பாப்பாவுக்குக் காய்ச்சல். எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் பத்து நாள் லீவு போட்டேன். தூளி கொட்டகையிலேயே தொங்கியது. திரும்பி வந்த அன்று அவளைத் தூளியில் போட்டுவிட்டுத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே சிரிப்புச் சத்தம். யாரோ விளையாட்டுக் காட்டுகிற மாதிரிச் சிரித்தாள். கொட்டகையில் யாரும் இல்லை.

துணியை விலக்கினேன். பச்சைக் கொடி மடிப்புக்குள் ஏறி, பொடி வேர்களால் தூளிச் சேலையைக் கவ்வியிருந்தது. அந்தக் கொட்டகையில் தூளிக்குள்ளேதான் இருட்டு அதிகம். அவள் கையில் பாதி இலை. ஐவி இலை விஷம், வயிற்றுக்குள் போகக் கூடாது. வாயில் விரல் விட்டுத் துழாவினேன். மீதிப் பாதி கன்னத்தின் உள்பக்கம் ஒட்டியிருந்தது.

தூளியைப் பிய்த்துக்கொண்டு, பாப்பாவோடு முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஓனரம்மா பாப்பாவின் வாயைத் திறந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஒளிஞ்சிக்கிற உன்னையும் அந்தக் கொடியையும் ஒரே கொட்டகையில விட்டது என் தப்பு. தூளியை இங்க கட்டு. இனிமே பில் நீதான் போடணும்."

இப்போது பாப்பா வெளிச்சத்தில் தூங்குகிறாள், நானும் ஆள் முகம் பார்த்துப் பேசுகிறேன். அந்தக் கொட்டகைக்குப் போனால் மட்டும், கொடிகளுக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வருகிறேன்.