ஆறு கிலோவுக்குள் ஒரு பை

அத்தை பழனி யாத்திரைக்குப் பை வாங்கப் போன அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. சித்தையன்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. ஆவணி மாதம் ஒரு கட்டைப்பையோடு திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், மார்கழி ஆகியும் திரும்பிப் போகவில்லை. அவளுடைய இடது கை மோதிர விரல் மடங்காது. மாமா வீட்டில் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு கொஞ்ச காலம் எங்கள் வீட்டுக் கதவுகளை நான் பயந்து பயந்துதான் சாத்தினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த கடைவீதியில் இருந்தது பைக்கடை. கடைக்காரர் பேகம்பூர்க்காரர். அத்தை பன்னிரண்டு பைகளை இறக்கச் சொன்னாள். ஒவ்வொரு ஜிப்பையும் மூன்று தடவை திறந்து மூடினாள். தோள்வார் தைத்திருக்கும் இடத்தில் விரலை விட்டு இழுத்துப் பார்த்தாள். எனக்குச் சிவப்பில் பட்டாம்பூச்சி போட்ட பை பிடித்திருந்தது. அத்தை சாம்பல் நிறத்தை எடுத்தாள்.

“செவப்பு தூரத்துலருந்தே தெரியும், பாப்பா” என்றாள். அதற்காகத்தானே சிவப்பை வாங்கவேண்டும் என்று நான் நினைத்தேன்.

“மழைக்குத் தாங்குமா பாய்?”

“தைப்பூசத்துக்கு ஏதும்மா மழை?”

“வந்துருச்சுன்னா?”

அவர் தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து பையின் மேல் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் உருண்டு ஓடியது. அத்தை அதோடு விடவில்லை. கடையில் இருந்த நாலு குடைகளையும் என் ஸ்கூல் பையையும் உள்ளே திணித்து, முதுகில் மாட்டிக்கொண்டு, பக்கத்துப் பாத்திரக்கடை வரை நடந்துபோய்த் திரும்பினாள்.

“ஏம்மா, மூணு நாள் நடக்குறதுக்கு இம்புட்டுப் பரீட்சையா? பழனிக்குப் போறீகளா, காசிக்குப் போறீகளா?”

“பை நல்லா இருந்தா எங்கன வேணாலும் போகலாம்ல பாய்.”

அவர் சிரித்துவிட்டார். “இது ஸ்கூலுக்கும் ஆகும், ஊருக்கும் ஆகும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் ஆகும். இன்னொண்ணு காட்டுறேன் பாருங்க” என்று பையைத் திருப்பினார். முதுகில் படும் பஞ்சுக்குக் கீழே, பார்த்தால் தெரியாத இடத்தில் ஒரு ஜிப் இருந்தது. “திருட்டு ஜிப்பு. போட்டவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.”

அத்தை அந்தப் பையை வாங்கினாள். எனக்கும் தெரியும் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்பா வருஷா வருஷம் பழனிக்கு மாலை போட்டு நடந்துபோவார். அந்த வருஷம் அத்தையும் போடுகிறேன் என்றாள். தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து அவளை அழைத்துப்போவது என்று முன்பே பேசி முடித்திருந்தார்கள். பேசியவர்கள் அப்பாவும் மாமா வீட்டாரும். அந்தப் பேச்சு எழுந்ததிலிருந்து அப்பாவும் அத்தையும் தினம் சண்டை போட்டார்கள். அம்மாவும் அப்பா பக்கம்தான். “வாக்கப்பட்ட எடத்துல இருக்கறதுதான் மரியாத” என்று அடுப்படியிலிருந்து சத்தமாகச் சொல்வாள். அதனால் அத்தை மாலை போடுகிறேன் என்றதும் அப்பாவுக்கு மனம் குளிர்ந்துபோனது. போகிற இடத்தில் நல்லபடியாக வாழ வேண்டிக்கொள்ளப் போகிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

மாலை போட்டவர்கள் ஒருவரை ஒருவர் சாமி என்றுதான் கூப்பிடவேண்டும். கடுஞ்சொல் சொல்லக்கூடாது. இருபத்தொரு நாளும் அண்ணனும் தங்கையும் எங்கள் வீட்டில், “சாமி, சாப்பிட்டீங்களா?” “சாப்பிட்டேன் சாமி, நீங்க?” என்று பேசிக்கொண்டார்கள். நானும் என் தோழியும் பள்ளிக்கூடத்தில் அதை நடித்துக் காட்டிச் சிரித்தோம்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அத்தை பாயை விரித்துப் பையைக் கட்டினாள். இரண்டு பச்சைச் சேலை, அதற்குள் மடித்து வைத்த ஒரு சாதாரணச் சேலை. டார்ச் லைட். ஊசி நூல், ஊக்கு, துணி காயப்போட ஒரு நைலான் கயிறு. இழுப்புக்கான மருந்து. அத்தைக்குப் பனி ஆகாது, நெஞ்சு விசில் அடிக்கும். சிறிய பூட்டு ஒன்றும் வைத்தாள்.

“சாமிக்கு எதுக்குப் பூட்டு?” என்றேன்.

“மண்டபத்துல படுக்கையில பையப் பூட்டணும்ல.”

எல்லாவற்றுக்கும் அடியில் நாளிதழில் சுற்றிய செருப்பு. பாதயாத்திரைக்காரர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். நான் கேட்பதற்கு முன்பே, “திரும்பையில பஸ்ல போட்டுக்க” என்றாள். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முடிந்தாள். அடிக்கடி வேண்டியது மேலே, கனமானது முதுகை ஒட்டி.

“மூணு நாளைக்கு மூட்ட கட்டுறதப் பாரு, சீர் அனுப்புற மாதிரி” என்றாள் அம்மா. அத்தை அடுத்த கவரை எடுத்து முடிந்தாள்.

எங்கள் தெருக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூடவே வண்டி வராது. அவரவர் பையை அவரவர்தான் சுமக்கவேண்டும், அடுத்தவர் வாங்கக்கூடாது. அது வேண்டுதலில் சேர்த்தி. ஒருமுறை ஒரு பெண் பாரம் தாங்காமல் ரோட்டில் விழுந்துவிட்டாராம். அதிலிருந்து குழுவை நடத்திப்போகும் குருசாமி முந்தின நாள் சாயங்காலம் எல்லார் பையையும் எடை போடுவார். ஆறு கிலோவுக்கு மேல் ஒரு பை போகாது. அவருக்கு அரிசிக்கடை. மூடை நிறுக்கும் தராசில்தான் பையும் ஏறும்.

ஒரு பருத்த சாமி பையைத் தராசில் வைத்துவிட்டு அங்கேயே ஊன்றி நின்றார். “பை மட்டும் போதும் சாமி, நீங்க ஏறிறாதீங்க, தராசு எனக்கு நாளைக்கும் வேணும்” என்றார் குருசாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தையின் பை ஆறே முக்கால் காட்டியது. அவள் சத்துமாவு டப்பாவை எடுத்தாள். இன்னும் அரைக் கிலோ கூடுதல். கம்பளிப் போர்வையை வெளியே இழுத்தாள்.

“போர்வைய எடுக்காதீங்க சாமி. ஒட்டன்சத்திரம் தாண்டுனா பனி கொன்னுபோடும். வேற என்ன இருக்குன்னு பாப்போம்” என்று குருசாமி பையின் பக்கம் கையை நீட்டினார்.

“இல்ல சாமி. பழகிக்கிருவேன்.” அத்தை பையைத் தராசிலிருந்து தன் பக்கம் நகர்த்தி, திரும்பவும் வைத்தாள். சரியாக ஆறு. போர்வை என் கையில் வந்தது. வீடு வரும் வரை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நடந்தேன். திருட்டு ஜிப்புக்குள் தட்டையாக, கெட்டியாக ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். பையைத் தூக்கும்போது கையில் தட்டுப்பட்டிருந்தது. சாப்பாட்டையும் போர்வையையும் விட்டவள் அதை ஏன் விடவில்லை என்று புரியவில்லை.

மறுநாள் காலை அத்தை குளிக்கப் போனதும் அந்த ஜிப்பைத் திறந்தேன். பிளாஸ்டிக் பைல் ஒன்று இருந்தது. உள்ளே லேமினேட் செய்த மதிப்பெண் பட்டியல்கள், கல்யாணத்துக்கு முன் அவள் படித்த நர்சிங் படிப்புக்கான சான்றிதழ், இரட்டைச் சடையோடு அவளுடைய போட்டோ. எனக்கு உடனே விளங்கிவிட்டது. சரஸ்வதி பூஜைக்கு நாங்கள் நோட்டுப் புத்தகங்களைச் சாமி முன்னால் வைப்போம். முழுப்பரீட்சைக்கு முன் பேனாவைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் குங்குமம் வைத்து வாங்குவோம். அத்தையும் அப்படித்தான் கொண்டுபோகிறாள். ஆனால் அவள் எப்போதோ பாஸாகிவிட்டாள். பாஸானதை முருகனிடம் காட்டி என்ன ஆகப்போகிறது? நெஞ்சு விசில் அடித்தால்தான் கஷ்டம்.

பைலை ஒரு கையிலும் போர்வையை இன்னொரு கையிலும் பிடித்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே கனம். போர்வையை பைல் அளவுக்கு மடித்து, உள்ளே நுழைத்து, ஜிப்பை மூடினேன். பைலை அலமாரியில் என் பழைய நோட்டுகளுக்கு அடியில் வைத்தேன். பையை வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வேலையை இவ்வளவு நேர்த்தியாக அதற்கு முன் நான் செய்ததில்லை.

யாத்திரை கிளம்புகிறவர்கள் போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது என்பது குருசாமி வைத்த விதி. அப்பா சொல்லவில்லை. அத்தையும் சொல்லவில்லை. என் கன்னத்தைத் தொட்டு, “நல்லாப் படி” என்றாள். அடுப்படி வாசல் வரை போய் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு பச்சைச் சேலைக் கூட்டத்தோடு பழனி ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

நாலாம் நாள் அப்பா பஞ்சாமிர்த டப்பாக்களோடு வந்தார். அத்தை வரவில்லை.

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடத்தான் வந்தா. தண்ணி பிடிக்கப் போறேன்னா. அம்புட்டுத்தான்” என்றார் அம்மாவிடம். மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்களாம். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுத் தேடினார்களாம். மாலையைக் கோயிலிலேயே கழற்றியிருந்தார். இருபத்தொரு நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அன்று ஒரே மூச்சில் கத்தித் தீர்த்தார். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். காப்பியைத் தொடவில்லை. “உங்க நாத்தனா இருந்த லெச்சணம் உங்களுக்கே தெரியாதாக்கும்” என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். ம், ம் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. என்னைப் பார்த்ததும் போனை நீட்டினாள்.

“பாப்பா, அத்தை பையத் தொட்டியா?”

“ஆமா அத்த. போர்வைய வச்சேன். குளிருச்சா?”

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

“குளிரல. நல்லா கதகதன்னு இருந்துச்சு” என்றாள் அத்தை. “எடுத்தத எங்கன வச்சிருக்க?”

“என் நோட்டுக்கு அடியில.”

“சரி. கிழியாம இருக்கட்டும்.”

அம்மா மறுநாள் அந்தப் பைலைத் துணியில் சுற்றி, ஒயர்கூடையில் வைத்து, மேலே முருங்கைக்கீரையைப் பரப்பினாள். தபால் ஆபீசுக்கு என்னையும் கூட்டிப்போனாள். விலாசத்தை அவளே எழுதினாள். கோயம்புத்தூர் என்பது மட்டும் என்னால் படிக்க முடிந்தது. “அப்பாட்ட மூச்சு விடக்கூடாது” என்றாள். வீட்டுக்கு வந்து அந்தக் கீரையை ஆய்ந்து, அப்பாவுக்குப் பிடித்த மாதிரி பொரியல் வைத்தாள்.

பைல் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. கூடப் படித்த தோழி ஒருத்தி கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருந்த நர்ஸ் வேலை, திங்கள்கிழமை காலை அசல் சான்றிதழைக் காட்டிய வேறொருத்திக்குப் போய்விட்டது. அத்தை அங்கேயே ஆயாவாகச் சேர்ந்தாள். ஒன்றரை வருஷம் வார்டைத் துடைத்த பிறகுதான் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. அதெல்லாம் பிறகு எனக்குத் துண்டு துண்டாகத் தெரியவந்தது. தெரிந்தபோது, போர்வையை வைத்த கை என்னுடையது என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்கவில்லை. பல வருஷம் அத்தையிடம் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தேன்.

கல்லூரிக்கு நான் கோவை போன பிறகு ஒருநாள், அவள் டியூட்டி முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். பைல் இல்லை என்பது எப்போது தெரிந்தது? ஆஸ்பத்திரியில் போய் நின்றபோதா?

“இல்ல பாப்பா. பழனி பஸ் ஸ்டாண்டுலயே தெரிஞ்சு போச்சு. திண்டுக்கல் பஸ்ல உங்கப்பா எனக்குத் துண்டு போட்டு எடம் பிடிச்சு வச்சிருந்தாரு. தண்ணிக் கொழா பக்கம் போயி, ஒருதரம் இருக்கான்னு பாத்துக்கிருவோம்னு ஜிப்பத் தொறந்தேன். கைக்கு மெத்துன்னு தட்டுச்சு.”

“பெறகு?”

“செத்த நேரம் நின்னேன். அண்ணன் முதுகக் காட்டிக்கிட்டு விபூதிப் பொட்டலம் பிரிச்சுக்கிட்டு இருந்தாரு. கோயம்புத்தூர் வண்டி கெளம்புச்சு. ஏறிட்டேன்.”

அவள் அதைக் காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

அவள் கிளம்பிய அன்று காலை, அவள் கையில் இருந்த ஒரே துருப்புச் சீட்டை நான் உருவி எடுத்திருக்கிறேன். அது இல்லை என்று கண்ட பிறகும், இடம் பிடித்துத் தயாராக நின்ற திண்டுக்கல் பஸ்ஸில் அவள் ஏறவில்லை. அந்த பஸ் வந்து நிற்கும் ஊரில் எங்கள் வீடு இருந்தது. அந்த வீட்டில் நாங்கள் எல்லோருமே அத்தையிடம் பிரியமாக இருக்கிறோம் என்றுதான் ஒன்பது வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.