பாப்பாத்தி வைத்த தீ

ரஞ்சன்குடிக்குக் கிழக்கே பாப்பாத்தியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. புருஷன் செத்த பிறகு இரண்டு ஏக்கரையும் தனியாளாகக் கட்டி ஆண்டவள். அந்த வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் அந்த வாயும் எடுபடவில்லை. முந்தின வருஷம் நல்ல விலை கிடைத்ததென்று ஊரே கரும்பை நட்டுத் தொலைத்திருந்தது. ஆலையால் அரைத்து மாளவில்லை. ஆலையின் வெட்டு உத்தரவு இல்லாமல் வெட்டினால் வாங்க ஆளில்லை. பங்குனி பிறந்தும் அவளுக்கு உத்தரவு வரவில்லை. கரும்பு பூத்து, உள்ளே சக்கையாகி, எடை இறங்கிக்கொண்டே போனது. உரம், கூலி, சொசைட்டிக் கடன் எல்லாம் அந்தக் கரும்பை நம்பித்தான். அது போனால் நிலமும் போய்விடும்.

ஒரு வழி இருந்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தீப்பிடித்த கரும்பென்றால் ஆலை முதலில் எடுத்துக்கொள்ளும், விலையில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பாப்பாத்தி உச்சிவேளையில் காய்ந்த கரும்புச் சோகையில் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாள். காற்று என்ன அவளுக்கு மாமனா மச்சானா, சொன்ன பேச்சைக் கேட்க? தீ வரப்பைத் தாண்டிக் கொழுந்தன் வைத்திலிங்கத்தின் வயலில் ஏறியது. அது நாலு மாதப் பயிர்.

வைத்திலிங்கம் ஓடிவந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரியில் போட்டு மிதித்தான். கையில் அகப்பட்ட கரும்பால் அவள் அவன் முகத்தில் அடித்தாள். புருவம் பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. அவன் அவளது இடது கையை முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் வரப்பில் நின்றவர்களுக்கே கேட்டது. பிரித்துவிட நாலு பேர் வேண்டியிருந்தது.

மறுநாளே உத்தரவு வந்தது, அவளுக்கு மட்டும். வைத்திலிங்கத்தின் பயிரைப் பார்த்த ஆலை ஆள், "இதுல சாறே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

எரிந்த கரும்பை உடனே வெட்டி ஏற்றாவிட்டால் புளித்துப் போகும். வெட்டாட்களைக் கூட்டி வரும் செல்வம்மாளிடம் பாப்பாத்தி போய்க் கேட்டாள்.

"கொழுந்தன் வவுத்துல அடிச்சிட்டு எங்களக் கூப்புடுறியா?" என்றாள் செல்வம்மாள். ஒருத்தரும் வரவில்லை.

பாப்பாத்தி கட்டுப் போட்ட கையோடு, ஒற்றைக் கையால் வெட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் வைத்திலிங்கம் அரிவாளோடு வந்து நின்றான். பயமென்றால் என்னவென்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"என்னய வெட்டுறதுன்னா வெட்டிக்க தம்பி. கரும்பு வண்டி ஏறட்டும், அப்பறம் வெட்டு."

"ஒன்னய வெட்டுனா எம்புள்ளைக்குக் கஞ்சி வந்துருமா? இதுல பாதி எனக்கு."

அவள் தலையாட்டினாள். அவன் குனிந்து வெட்டினான். ஒவ்வொரு கரும்பையும் அவள் கழுத்தாக நினைத்துத்தான் வெட்டியிருக்க வேண்டும்.

பாதி அவன் நஷ்டத்துக்கும் எட்டவில்லை, மீதி அவள் கடனுக்கும் எட்டவில்லை. ஆடிக்குள் இருவரும் நிலத்தை விற்றார்கள். ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவரே இரண்டையும் வாங்கி, வரப்பை உடைத்து ஒன்றாக்கிக் கரும்பு நட்டார். அந்தக் கரும்பை வெட்டக் கூலிக்கு வந்தவர்களில் இவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள்.